பக்கத்து மிஷினில் நிற்பவர்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 45ஆம் பிரிவில் ஒரு கணக்கைச் சொல்லி வைத்திருந்தது. 150 தொழிலாளர்களுக்கு ஒன்று வீதமாவது முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும். அதற்குப் பொறுப்பாக, முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் வேலை நேரம் முழுக்கக் கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டும். அந்த ஒருவர் டாக்டராக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. நடைமுறையில் அவர் அதே டிபார்ட்மென்டில் வேலை பார்ப்பவர்தான். 1934இல் கோவையை அடுத்த மதுக்கரையில் தொடங்கிய ஏ.சி.சி. சிமென்ட் ஆலை ஆகட்டும், கூப்பிடு தூரத்தில் இருக்கும் குறிச்சி சிட்கோவின் லேத் பட்டறைகள் ஆகட்டும், விரல் நசுங்கினால் முதலில் ஓடிவருவது பக்கத்து மிஷின்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒரு தொழிலாளி மூன்று நாளாகச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகிறார், மெமோ மேல் மெமோ வாங்குகிறார், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றால், அதைக் கவனிப்பது யார் வேலை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கவனித்தவருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரிவதில்லை. இந்த இடத்தைச் சக தொழிலாளர்களில் இருந்தே வரும், பயிற்சி பெற்ற தன்னார்வலர்களால் நிரப்பலாம் என்பது இன்று பல நாடுகளில் பரவிவரும் யோசனை. கொங்கு நாட்டு ஆலைகளுக்கு அது தேவை என்பதே என் கருத்து. ஆனால் இப்போது பெரும்பாலும் விற்கப்படும் வடிவத்தில் அல்ல.

தேவை எவ்வளவு என்பதற்கு ஊரறிந்த எண்களே போதும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல், அதாவது 26.4 விழுக்காட்டினர், தினக்கூலிகள். மாநிலவாரியாகப் பார்த்தால் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு: 19,834 பேர். தினக்கூலி என்ற தலைப்பில் ஆலைத் தொழிலாளர்கள் மட்டும் அடங்கவில்லைதான். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளி, கேம்ப் கூலி, கேஷுவல் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும், நாள் கூலியை நம்பி ஆலைக்குள் நிற்பவர்கள் கோவை வட்டாரத்தில் ஏராளம். இவர்களைக் கவனிக்க வேண்டிய தொழிலாளர் நல அலுவலரைப் பழைய சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில்தான் கட்டாயமாக்கியது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 250 ஆகக் குறைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பம்ப்செட், கிரைண்டர், வார்ப்படம், விசைத்தறி என்று இருபது முப்பது பேரோடு ஓடும் ஆயிரக்கணக்கான பட்டறைகளுக்கு 500ம் ஒன்றுதான், 250ம் ஒன்றுதான். நல அலுவலர் இருக்கும் மில்லிலும் அவர் பகல் ஷிப்டில் ஆபீஸில் இருப்பார். நள்ளிரவில் ஸ்பின்னிங் ஹாலில் தலை சுற்றி உட்காரும் சைடரை, அதாவது நூற்பு மிஷின் பார்ப்பவரை, கவனிப்பது இன்னொரு சைடர்தான்.

பயிற்சி பெற்ற தன்னார்வலர் அங்கே செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. “ஏனுங்கண்ணா, நாலு நாளா ஒரு மாதிரி இருக்கீங்க, என்ன ஆச்சுங்?” என்று கேட்கிறார். பதில் சொல்லும்போது குறுக்கே அறிவுரை சொல்லாமல் காது கொடுக்கிறார். சொன்னதை வெளியே விடுவதில்லை. உயிரைப் பற்றிய பேச்சு வந்தால் பதறாமல், தட்டிக்கழிக்காமல், நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்டு அன்றைக்கே ஒரு மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ கொண்டுசேர்க்கிறார். டாக்டர் வேலையை அவர் பார்ப்பதில்லை. டாக்டர் வரை போகும் வழியைச் சுருக்குகிறார். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. அட்டை உண்டு, சிங்காநல்லூரில் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் ‘மனசுக்கு வைத்தியம்’ என்று அங்கே போவதற்கு முன் ஒருவர் தாண்ட வேண்டிய கூச்சம், மதுக்கரைக்கும் சிங்காநல்லூருக்கும் இடையில் உள்ள தூரத்தைவிட அதிகம். கூட வந்து நிற்க ஓர் ஆள் இருந்தால் அது குறைகிறது.

படிப்பறிவு குறைந்தவர்களிடம் இப்படிப்பட்ட பொறுப்பைக் கொடுக்கலாமா, ஏடாகூடமாகப் போய்விடாதா என்ற கேள்வி நியாயமானது. சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சிநேகா’ அமைப்பு, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை வைத்தே இத்தனை ஆண்டுகளாகத் தற்கொலைத் தடுப்புப் பணியைச் செய்துவருகிறது. கோவாவில் டாக்டர் விக்ரம் பட்டேல் குழுவினர், மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அளவுமீறிக் குடிக்கும் ஆண்களோடு சில அமர்வுகள் பேசவைத்தார்கள். 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவின்படி, மூன்று மாதம் கழித்து அவர்களில் 36 விழுக்காட்டினர் அந்த நிலையிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினர். சம்பள நாளன்று டாஸ்மாக் வாசலில் நிற்கும் கூட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்தப் பத்து விழுக்காடு சின்ன விஷயமாகத் தெரியாது. ஜிம்பாப்வேயில் டாக்டர் டிக்சன் சிபாண்டா, சுகாதார நிலைய வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு உள்ளூர்ப் பாட்டிமார்களை உட்காரவைத்தார். 573 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது: ஆறு மாதம் கழித்து, பாட்டிகளிடம் பேசியவர்களில் சுமார் 14 விழுக்காட்டினரிடமே மனச்சோர்வு அறிகுறிகள் எஞ்சியிருந்தன, மற்றவர்களில் பாதிப்பேரிடம் இருந்தன. இவர்கள் யாரும் ஆலைக்குள் இருந்த சக தொழிலாளர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலையிடத்துக்கு நெருங்கிய உதாரணம் ஆஸ்திரேலியாவில், கட்டுமானத் தொழிலாளர்களின் தற்கொலையைத் தடுக்க 2008 வாக்கில் தொடங்கிய ‘மேட்ஸ்’ திட்டம். அங்கே எல்லாருக்கும் அடிப்படைப் பயிற்சி. அதில் முன்வருபவர் சிலருக்குக் கூடுதல் பயிற்சி. அவர்களுக்குப் பின்னால் முழுநேரக் கள அலுவலர்கள். தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் சேர்ந்து நடத்துவது அது.

எதிர்ச்சாட்சியும் வலுவாகவே இருக்கிறது. இரண்டு நாள் வகுப்பு எடுத்து ‘மனநல முதலுதவியாளர்’ என்று சான்றிதழ் கொடுக்கும் பயிற்சி உலகம் முழுக்கப் பிரபலம். அதனால் உதவி பெறுபவருக்கு உண்மையில் நன்மை உண்டா என்று ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் 2023ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, அப்படிச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை அலசி 2024இல் ஒரு கட்டுரை எழுதினார். மன அழுத்தக் கட்டுப்பாட்டு வகுப்பு, தியானம், செயலி, உறக்கப் பயிற்சி என்று எதில் சேர்ந்தவர்களும் சேராதவர்களைவிட நன்றாக இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு, பிறருக்காகத் தொண்டு செய்யும் வாய்ப்பு பெற்றவர்கள். தன்னார்வலர் திட்டங்களை விற்பவர்கள் இந்த விதிவிலக்கைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஏற்கெனவே மனத்தெம்பு உள்ளவர்களே தொண்டுக்கு முன்வருவார்கள் என்பதை நினைத்தால், அதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு பக்கச் சாட்சிகளையும் அருகருகே வைத்தால் ஒரு விஷயம் புலப்படுகிறது. பலன் தந்த இடங்களில் தன்னார்வலர் தனியாக விடப்படவில்லை. திரும்பத் திரும்பப் பேச நேரம் இருந்தது, அவரை மேற்பார்வையிட ஒருவர் இருந்தார், அடுத்து அனுப்ப ஓர் இடம் இருந்தது. பலன் நிரூபணமாகாத இடங்களில், சான்றிதழுக்குப் பிறகு இவை இருக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை.

இதோடு இன்னொன்றும் வேண்டும் என்பதைத் திண்டுக்கல் காட்டியது. அங்கே ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொலையுண்டதைத் தொடர்ந்து, தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் நடத்திய போராட்டத்தின் விளைவாக 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய ஆடை நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. அதன்படி தொழிலாளர்களிலிருந்தே ‘ஷாப் ஃப்ளோர் மானிட்டர்’கள் தேர்வாகிப் பயிற்சி பெற்றார்கள். சூப்பர்வைசரின் வசைச்சொல், சீண்டல், கழிப்பறைக்குப் போகவிடாத கெடுபிடி போன்றவை நடக்கும்போதே கவனித்து மேலே கொண்டுபோவது அவர்கள் வேலை. முதலாண்டில் எழுந்த 180க்கும் மேற்பட்ட குறைகளில் கிட்டத்தட்ட எல்லாமே தீர்க்கப்பட்டதாக அந்த ஒப்பந்தத்தின் அறிக்கை சொன்னது. இந்தப் பெண்கள் பேசியது எடுபட்டதற்குக் காரணம் அவர்களுடைய பரிவு மட்டுமல்ல. அவர்களைப் பழிவாங்கினால் நிறுவனத்துக்கு ஆர்டர் இழப்பு வரை போகும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. ஆறுதல் சொல்லும் தன்னார்வலருக்கும், ஆறுதல் தேவைப்படாதபடி ஒன்றை மாற்றவைக்கும் தன்னார்வலருக்கும் உள்ள வேறுபாடு அதுதான். இரட்டை ஷிப்ட் பார்த்துத் தூக்கம் கெட்டவரிடம் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது ஏறத்தாழ ஒரு கேலி. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியபோது, அதைத் திரும்பப் பெறவைத்தது தொழிற்சங்கங்களின் எதிர்ப்பு. எந்தத் தன்னார்வலராலும் அது முடிந்திருக்காது.

சங்கக்காரர்களின் சந்தேகம் இங்கேதான் பிறக்கிறது. சங்கத்தை ஓரங்கட்ட நிர்வாகம் தயாரிக்கும் பொம்மைகள் இவர்கள் என்கிறார்கள். தொழிலாளர்களோ இன்னும் நேராகச் சொல்வார்கள்: “இவன் மேனேஜரோட ஆளுங்க.” இரண்டும் வெறும் கற்பனை இல்லை. நிர்வாகமே தேர்ந்தெடுத்து, எச்.ஆர். துறைக்கே அறிக்கை கொடுக்கும் தன்னார்வலர் எத்தனை நல்லவராக இருந்தாலும் ஒற்றராகத்தான் பார்க்கப்படுவார். ஆகவே தேர்வு தொழிலாளர்கள் கையில் இருக்க வேண்டும். நிர்வாகத்துக்குப் போவது எண்ணிக்கையும் காரணமும் மட்டுமே, பெயர் போகக் கூடாது. பாலியல் சீண்டல் என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளகக் குழு இருக்கிறது. அங்கே போகலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் பாதிக்கப்பட்டவர். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் ரகசியம் தளரும், அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முதலாளி தரப்பின் கவலை வேறு: “ஷிப்டில் பேசிக்கிட்டே நின்னா புரொடக்‌ஷன் என்ன ஆகும்?” மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாட்கள் வீணாவதாக உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2022இல் மதிப்பிட்டன. ஆப்சென்ட் அதிகமாகி, ஆள் கிடைக்காமல் பீகாருக்கும் ஒடிசாவுக்கும் ஏஜென்ட் அனுப்பும் மில்காரருக்கு இந்தக் கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பேசும் நேரத்துக்குச் சம்பளம் உண்டு என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். டீ நேரத்தையும் ஓ.டி. நேரத்தையும் தியாகம் செய்து தொண்டு பார் என்பது, சுமையை இன்னொரு தொழிலாளி தலையில் ஏற்றுவதாகும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நம் பகுதிக்கென்று சில சிக்கல்கள் உண்டு. சாதியை வெளியே சொல்லாமலே எல்லோரும் தெரிந்துவைத்திருக்கும் ஊர்கள் இவை. ஒரே சாதிக்காரர்கள் மட்டும் தன்னார்வலர்களாக அமைந்தால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்களுக்கு வார்டன் தன்னார்வலராக முடியாது. அவரைப் பற்றியே புகார் இருக்கலாம். அதே விடுதியில் இருக்கும் வயதில் கொஞ்சம் மூத்த அக்கா ஒருவர் பொருத்தமானவர். கோவை, திருப்பூர் வட்டார ஸ்பின்னிங் மில்களில் எத்திக்கல் டிரேடிங் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு நடத்திய ‘நலம்’ திட்டம் இந்த வழியில்தான் போனது. பெண் தொழிலாளர்களிலிருந்தே குழுத் தலைவிகளை எடுத்து, முதலில் உடல்நலம், ரத்தசோகை, மாதவிடாய் என்று பேசவைத்து, பிறகு உரிமைகளைப் பற்றிய பேச்சுக்கு வந்தார்கள். உடம்பில் தொடங்கினால் மனசுக்கு வருவது எளிது. இந்தி, போஜ்புரி, ஒடியா பேசும் தொழிலாளர்களுக்கு அவர்கள் மொழிக்காரரே வேண்டும். ஆளைக் கூட்டிவந்த மேஸ்திரி அந்த இடத்துக்குப் பொருந்தமாட்டார். சின்னப் பட்டறைகளுக்குத் தனித்தனியாக இதெல்லாம் கட்டுப்படியாகாது. சிட்கோ எஸ்டேட் ஒன்றுக்குப் பொதுவாகத் தன்னார்வலர் குழு ஒன்றை வைத்து, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை மாதம் ஒருமுறை வரவழைத்து, செலவைத் தொழில் அமைப்புகள் ஏற்கலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இல் மகளிர் தன்னார்வலர்களை வைத்து வீடு வீடாகப் போனது. பின்னர் சர்க்கரை, ரத்தக்கொதிப்புப் பரிசோதனைக்காக ஆலைகளுக்குள்ளும் போனது. அந்தப் பரிசோதனைப் படிவத்தில் தூக்கம், குடி, மனச்சோர்வு பற்றி இரண்டு கேள்வி சேர்ப்பது அரசுக்குப் பெரிய செலவில்லை.

இவை எதுவும் இல்லாத ஆலையில் இருப்பவர்களுக்கும் ஒன்று உண்டு. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மனஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். தன்னார்வலர் திட்டம் ஒன்று உங்கள் ஆலைக்கு வந்து, சேரச் சொல்லிக் கூப்பிட்டால், சேருவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். எங்களைத் தேர்ந்தெடுப்பது தொழிலாளர்கள்தானா? இந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா? மாதம் எத்தனை குறை வந்தது, அதில் எத்தனை தீர்ந்தது என்று பெயர் இல்லாமல் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் தாராளமாகச் சேருங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால், பனியனும் பேட்ஜும் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.