வெளிநாட்டில் வாரிசு, உள்ளூரில் சொத்து: 'பான்' எண்ணை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்



இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நம் உறுப்பினர்கள் பலருக்குப் பிள்ளைகள் மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்கா என்று இருக்கிறார்கள். சிலர் அந்நாட்டுக் குடிமக்களாகவும் ஆகிவிட்டார்கள். கடையும் கிட்டங்கியும் மட்டும் இங்கே. பெரியவர் காலமான பிறகுதான் "வாரிசின் பான் எண் என்ன?" என்ற கேள்வி வருகிறது.

என் குடும்பத்திலேயே இது நடந்தது. அண்ணன் காலமானபோது ஒரு கிட்டங்கியும் வங்கியில் கொஞ்சம் டெபாசிட்டும் இருந்தன. ஒரே மகன், மலேசியக் குடிமகன். கிட்டங்கியை வாங்க ஒரு வியாபாரி முன்பணத்தோடு வந்தார். மகனுக்குப் பான் எண் இல்லை. அவசரத்தில், இந்தியக் குடிமக்களுக்கான படிவத்தை எழுதி அனுப்பச் சொன்னது நான்தான். அது செல்லாமல் போய், மறுபடி விண்ணப்பித்து எண் வருவதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது. வியாபாரி வேறு இடம் முடித்துவிட்டார். என் தவறு மற்றவர்களுக்கு வரவேண்டாம் என்றே இதை எழுதுகிறேன்.

வாரிசுச் சொத்துக்கு வரி உண்டா?

இல்லை. 1953இல் வந்த எஸ்டேட் டூட்டி 1985இல் நீக்கப்பட்டது. உயில் மூலமோ வாரிசு முறையிலோ சொத்து கைக்கு வருவதற்கு வருமான வரி கிடையாது. ஆனால் அதற்குப் பின் வரும் வாடகை, வட்டி, விற்பனை லாபம் ஆகியவற்றுக்கு வரி உண்டு. பான் எண் இல்லையென்றால் கூடுதல் விகிதத்தில் பிடித்தம் செய்துவிடுவார்கள்.

எந்தப் படிவம்?

வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இந்தியக் குடிமகனே, அவருக்கு 49ஏ. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு 49ஏஏ. ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அவர் வெளிநாட்டுக் குடிமகன்தான். நான் சறுக்கியது இங்கேதான். இவை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பழகிய எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் என்பதால், எண்ணை மட்டும் நம்பாமல், யாருக்கான படிவம் என்று தலைப்பைப் படித்துப் பாருங்கள்.

புரோட்டீன் (முன்பு என்.எஸ்.டி.எல்.), யு.டி.ஐ.ஐ.டி.எஸ்.எல். ஆகிய இரு நிறுவனங்கள் மூலம் கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பிக்கலாம். இ-பான் வந்தாலே போதும், அது செல்லும். வெளிநாடு போகும் முன்பே பான் எண் வாங்கியிருந்தால் இன்னொன்று வாங்கக் கூடாது. இரண்டு எண் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம் உண்டு.

கவனிக்க வேண்டியவை

1. வெளிநாட்டுக் குடிமகனின் பாஸ்போர்ட், முகவரிச் சான்று நகல்களில் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம் வேண்டும். அல்லது அந்நாட்டு அரசு தரும் 'அப்போஸ்டில்' முத்திரை வேண்டும். இந்தியா 2005 முதலும் சிங்கப்பூர் 2021 முதலும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் உள்ளன.

2. பெயர். நாம் இனிஷியல் போடுகிறோம். மலேசியாவில் 'ஏ/எல்' என்று எழுதித் தகப்பனார் பெயரைச் சேர்க்கிறார்கள். பாஸ்போர்ட், பான், வாரிசு சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும்.

3. வாரிசு சான்றிதழ் தாலுகா அலுவலகத்தில் கிடைக்கும். டெபாசிட், பங்குகளுக்கு வாரிசுரிமைச் சான்று கேட்டால் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். நம் விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது.

4. வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

5. விற்ற பணம் வாரிசின் என்.ஆர்.ஓ. கணக்கில் சேரும். அங்கிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம். அதற்கு ஆடிட்டர் சான்று தேவை.

வாங்குபவர் நீங்களானால்

உள்நாட்டில் வசிப்பவரிடம் 50 லட்சம் ரூபாய்க்கும் அதற்கு மேலும் வாங்கினால்தான் 1 சதவீதப் பிடித்தம். வெளிநாட்டில் வசிப்பவரிடம் வாங்கினால் அந்த வரம்பு கிடையாது, பிடித்தமும் அதிகம். பிடிக்காமல் விட்டால் பொறுப்பு உங்கள் தலையில். ஆடிட்டரைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அங்கிருந்து இங்கே

அமெரிக்காவில் உள்ள உறவினர் நமக்குச் சொத்து விட்டுச் சென்றால், அந்நாட்டு வரி எண்ணை நம்மிடம் கேட்கக்கூடும். 'டபிள்யூ-7' படிவத்தில் விண்ணப்பித்தால் 9இல் தொடங்கும் ஒன்பது இலக்க எண் தருவார்கள். நம் ஊர் நோட்டரி கையெழுத்திட்ட பாஸ்போர்ட் நகலை ஏற்பதில்லை. அசலோ, பாஸ்போர்ட் வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகலோ வேண்டும்.

சரக்கு தீர்ந்த பிறகா கொள்முதலுக்குப் போகிறோம்? இதுவும் அப்படித்தான். அடுத்த முறை பிள்ளை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே அரை நாளில் எழுதி முடிக்கும் விண்ணப்பம் இது.