ஆக்ஸிலேட்டரை மிதித்தும் வண்டி இழுக்கவில்லையா?

விருதுநகரில் பருப்பும் வற்றலும் ஏற்றித் திரும்புகையில், வன்னியம்பட்டி விலக்கருகே நம் பெட்ரோல் வேன் திடீரென ஊர்ந்தது. எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. “த்ராட்டிலையே மாற்ற வேண்டும்” என்றார்கள். சோதித்ததில், எலி கடித்த ஒரு வயர்தான் காரணம்!

பழைய வண்டிகளில் ஆக்ஸிலேட்டரை என்ஜினோடு கேபிள் இணைத்தது. இன்று மிதியில் இரண்டு சென்சார்கள் உள்ளன. பேரேடும் சிட்டையும் போல இரண்டின் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், கணினிப் பெட்டி பாதுகாப்புக்காக வேகத்தைக் குறைத்துவிடும்.

அப்போது வண்டியை ஓரங்கட்டி, அணைத்து, சற்றுப் பொறுத்து மீண்டும் ஸ்டார்ட் செய்யலாம். சரியானாலும் கோளாறு தீர்ந்ததென எண்ண வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக பி 2138 மிதிப் பக்கத்தையும், பி 2135 த்ராட்டில் பக்கத்தையும் குறிக்கும். எண் இடத்தைத்தான் காட்டும். பாகம் கெட்டது என்று பொருளல்ல.

முதலில் பாட்டரி முனை, எர்த் வயர், பிளக்குகளில் துரு, ஈரம், எலிக்கடி பார்க்கவும். அடுத்து த்ராட்டிலில் படிந்த கரியை நீக்கவும். புதுப் பாகம் கடைசியில்தான். பலசரக்கு வாசனைக்கு எலி வரும். இரவில் வண்டியில் சிந்திய தானியத்தைக் கூட்டிவிடுவதே மலிவான வைத்தியம்.