மாஜி ராணுவத்தினர் வைத்திய செலவு: லாபம் யாருக்கு? எங்கே ஓட்டை?

வேலூர்:-

வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துக்கு போன ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். வேலையில் இருக்கும்வரை ராணுவ ஆஸ்பத்திரி. ரிட்டையர்டு ஆகி ஊருக்கு வந்தபிறகு காய்ச்சல், சுகர் என்றால் சென்னைக்கும் வெலிங்டனுக்கும் ஓட முடியுமா?

இதற்காக 1-4-2003 அன்று மத்திய அரசு கொண்டு வந்ததுதான் 'இ.சி.எச்.எஸ்.' திட்டம். வேலூர் உள்பட பல ஊர்களில் பாலிகிளினிக் திறக்கப்பட்டது. டாக்டர், நர்சு எல்லாம் ஒப்பந்த சம்பளம். பெரிய வியாதி என்றால் சீட்டு எழுதி, ஒப்பந்தம் போட்ட தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். பில் பணத்தை அரசு கட்டும்.

2½ வருட கணக்கு

2017 டிசம்பர் உத்தரவுப்படி சிப்பாய் முதல் அவில்தார் வரை ஒரே தடவை ரூ.30 ஆயிரம் கட்ட வேண்டும். ஆபீசருக்கு ரூ.1 லட்சத்து 20 ஆயிரம். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு இலவசம். 2003 ஏப்ரலுக்கு முன்பே ஓய்வு பெற்று, திட்டத்தில் சேராதவர்களுக்கு மாதம் ரூ.1,000 மருத்துவப்படி என்று 2017-ல் உயர்த்தினார்கள். ரூ.30 ஆயிரம் என்பது 2½ வருட படி. புருஷன், பொண்டாட்டி இரண்டு பேருக்கும் ஆயுசு முழுக்க வைத்தியம் என்றால், குடும்பத்துக்கு லாபம்தான்.

அரசுக்கு?

இங்கேதான் சூட்சுமம். பாலிகிளினிக் டாக்டர் 20 பேரை பார்த்தாலும் 60 பேரை பார்த்தாலும் அதே சம்பளம். மாத்திரையும் ராணுவ கிடங்கு வழியாக மொத்தமாக வருகிறது. தனியாரில் அப்படி இல்லை. ஒவ்வொரு தடவைக்கும் தனி பில். மத்திய அரசு சுகாதார திட்ட ரேட்டில்தான் பணம் தருவார்கள். டாக்டர் பீஸ் 2023 ஏப்ரலில் ரூ.150-ல் இருந்து ரூ.350 ஆனது. அது பெரிசு இல்லை. கூடவே ஸ்கேன், ரத்த டெஸ்ட் என்று சேரும்போதுதான் பில் ஏறும்.

ஆக, சுகர், பிரஷர் நோயாளியை பாலிகிளினிக்கிலேயே பார்த்து அனுப்பினால் செலவு மிச்சம். டாக்டர் இடம் காலி, கூட்டம் ஜாஸ்தி என்றால் சீட்டு எழுதித்தள்ளத்தான் தோணும். மாத்திரை ஸ்டாக் இல்லாவிட்டால் உள்ளூர் மருந்துக்கடையில் சில்லரையாக வாங்கணும். மொத்த விலையில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

2015-ல் வந்த தணிக்கைத்துறை (சி.ஏ.ஜி.) அறிக்கையும் மருந்து தட்டுப்பாடு, சில ஆஸ்பத்திரிகள் அதிகமாக பில் போட்டது, பணம் பட்டுவாடாவில் தாமதம் ஆகியவற்றை சுட்டிக்காட்டியது. பில் பணம் மாதக்கணக்கில் வராவிட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் கை விரிக்கிறார்கள். அப்போது கையில் கார்டு இருந்தும், முதலில் காசை கட்டுங்கள் என்ற பேச்சுதான் பென்சன்தாரருக்கு கிடைக்கிறது.