தட்டு ஒண்ணு... ஆளு பத்து... அம்பயர் கிடையாது! பெசன்ட் நகர் பீச்சில் களைகட்டும் பிரிஸ்பி

சென்னை:

கிரிக்கெட் ஆட பேட் வேண்டும், ஸ்டம்பு வேண்டும். புட்பால் ஆட டர்ப் பக்கம் போனால் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கேட்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு பிளாஸ்டிக் தட்டு, பத்து பேர், கொஞ்சம் மணல்... இது போதும் என்கிற விளையாட்டு ஒன்று சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் 2000-களின் பிற்பகுதியிலேயே வேர்பிடித்துவிட்டது. அதன் பெயர் அல்டிமேட் பிரிஸ்பி.

"தட்டு வீசுறதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று சிரிப்பவர்கள், மணலில் பத்து நிமிடம் ஓடிப் பார்த்தால் நாக்கு தள்ளிவிடும். அதைவிட ஆச்சரியம், இந்த ஆட்டத்துக்கு நடுவரே கிடையாது. தப்பு செய்தவரே "ஆமாங்க, தப்பு என்னோடதுதான்" என்று ஒத்துக்கொள்ள வேண்டும். நடக்கிற காரியமா? நடக்கிறது!

இதை எப்படி ஆடுவது, ஆளை எப்படிச் சேர்ப்பது, வாரா வாரம் ஆட்டம் நிற்காமல் ஓட என்ன செய்ய வேண்டும்? விவரம் இதோ...

பேக்கரி தட்டில் பிறந்த ஆட்டம்

அமெரிக்காவில் பிரிஸ்பி என்ற பேக்கரி கம்பெனி விற்ற பலகாரத்தின் தகரத் தட்டை, தின்று முடித்ததும் மாணவர்கள் வீசி விளையாடினார்கள். 1957-ல் வாம்-ஓ என்ற பொம்மை கம்பெனி பிளாஸ்டிக் தட்டை விற்பனைக்கு இறக்கியது. அந்தத் தட்டுக்கும் பிரிஸ்பி என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1968-ல் நியூஜெர்சி மாநிலம் மேப்பிள்வுட் என்ற ஊரில் கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இதை இரண்டு அணி மோதும் ஆட்டமாக மாற்றினார்கள். அதுதான் அல்டிமேட்.

1985-ல் உலக சம்மேளனம் உருவானது. 2015-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதற்கு முழு அங்கீகாரம் கொடுத்தது. பிரிஸ்பி என்பது ஒரு கம்பெனியின் டிரேடு மார்க் என்பதால் போட்டிகளில் பறக்கும் தட்டு, அதாவது 'பிளையிங் டிஸ்க்' என்றுதான் சொல்வார்கள்.

எப்படி ஆடுவது?

புல் மைதானத்தில் அணிக்கு 7 பேர். கடற்கரை மணலில் 5 பேர். புல் மைதானத்தின் நீளம் 100 மீட்டர், அகலம் 37 மீட்டர். இரண்டு முனையிலும் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதுதான் 'எண்ட் ஸோன்'. எதிரணி காக்கிற அந்தக் கட்டத்துக்குள் உங்கள் ஆள் தட்டைப் பிடித்தால் ஒரு பாயிண்ட். அவ்வளவுதான்!

ஆனால் தட்டைப் பிடித்தவர் அதோடு ஓடக்கூடாது. பிடித்த இடத்தில் நின்று, ஒரு காலை ஊன்றியபடி, இன்னொருவருக்கு வீச வேண்டும். எதிரணி ஆள் ஒருவர் 3 மீட்டருக்குள் வந்து நின்றுகொண்டு சத்தமாக 1, 2, 3 என்று எண்ணுவார். 10 என்று அவர் சொல்லத் தொடங்குவதற்குள் தட்டு கையை விட்டுப் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் தட்டு எதிரணிக்கு.

தட்டு தரையில் விழுந்தாலும், கோட்டுக்கு வெளியே போனாலும், எதிரணி பறித்தாலும் அந்த நொடியே ஆட்டம் திசை மாறிவிடும். விசில் கிடையாது, நிறுத்தம் கிடையாது. இப்போது அடித்து ஆடியவர் அடுத்த நொடி ஓடிப்போய் காக்க வேண்டும். இங்கேதான் மூச்சு வாங்கும்!

அம்பயர் எங்கே?

தெரு கிரிக்கெட்டில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பேட் கொண்டு வந்தவன் சொன்னால் நாட் அவுட். இங்கே அந்தக் கதை நடக்காது.

யாராவது இடித்துவிட்டால், இடிபட்டவர் "பவுல்" என்று கத்துவார். ஆட்டம் அப்படியே நிற்கும். இடித்தவர் "சரி" என்று ஒத்துக்கொண்டால் முடிந்தது. "இல்லை, நான் இடிக்கல" என்றால் 'கன்டெஸ்ட்' என்று சொல்ல வேண்டும். அப்போது தட்டு கடைசியாக வீசினவர் கைக்கே திரும்பிப் போகும். மறுபடி வீச வேண்டியதுதான். யாருக்கும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பஞ்சாயத்து அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

உலக சம்மேளனம் நடத்துகிற உலகப் போட்டியிலும் இதே கதைதான். வீரர்களே தீர்ப்பு சொல்லிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 2012-ல் தொடங்கிய தொழில்முறை லீக்கில்தான் நடுவரை வைத்தார்கள்.

போட்டி முடிந்ததும் எதிரணிக்கு மார்க் போடும் பழக்கமும் உண்டு. விதி தெரிந்து ஆடினார்களா, இடிக்காமல் ஆடினார்களா, நியாயமாக நடந்தார்களா, கோபத்தை அடக்கினார்களா, ஒழுங்காகப் பேசினார்களா என்று 5 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 4 மார்க் வரை போடலாம். மொத்தம் 20. கோப்பைக்கு ஒரு பரிசு என்றால் இந்த மார்க்குக்கும் தனிப் பரிசு தருவார்கள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் தோள் மேல் கை போட்டு வட்டமாக நின்று, "இன்னைக்கு எது நல்லா இருந்துச்சு, எது சரியில்லை" என்று பேசிவிட்டுத்தான் கலைவார்கள்.

ஆள் சேர்ப்பது எப்படி?

விதியைக் கற்றுக்கொள்வது சுலபம். ஆளைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு! பல ஏரியாவில் இந்த ஆட்டம் தொடங்கிய வேகத்தில் படுத்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

முதல் வேலை, கிழமையையும் நேரத்தையும் மாற்றாமல் வைப்பது. "இந்த வாரம் சனி, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றால் மூன்றாவது வாரம் யாரும் வரமாட்டார்கள். ஞாயிறு காலை 6 மணி என்றால் ஞாயிறு காலை 6 மணிதான். ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள்கூட அதற்குத் தகுந்தபடி தயாராகிவிடுவார்கள்.

அடுத்தது கணக்கு. வாட்ஸ்அப் குரூப்பில் "நான் வர்றேன்" என்று கை தூக்குகிறவர்கள் எல்லாரும் வந்துவிட மாட்டார்கள். 10 பேர் வேண்டும் என்றால் 15 பேரிடமாவது பேசி வைக்க வேண்டும். முந்தின நாள் ராத்திரி ஒரு தடவை பெயர்களை எண்ணிப் பார்ப்பது நல்லது.

எட்டு பேர்தான் வந்தார்களா? ஆட்டத்தை ரத்து செய்யக்கூடாது. கட்டத்தைச் சுருக்கி நாலு நாலாக ஆடலாம். ஆறு பேர் என்றால் மூணு மூணு. 13 பேர் வந்தால் மூன்று பேரை வெளியே வைத்து, ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஆளை மாற்றிக்கொள்ளலாம். வந்தவர்களை ஆடாமல் திருப்பி அனுப்பினால் அடுத்த வாரம் அவர்கள் வருவது சந்தேகம்தான்.

முக்கியமான இன்னொன்று. தட்டு ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. அவர் ஊருக்குப் போனால் ஆட்டமும் ஊருக்குப் போய்விடும்! இரண்டு தட்டு, இரண்டு பொறுப்பாளர் இருந்தால் வாரம் தவறாது.

அணி பிரிப்பதற்கு சாட் பூட் த்ரீ, உத்தி பிரிப்பது எல்லாம் நமக்குத் தெரிந்த வித்தைதானே! நன்றாக ஆடுகிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். எல்லாரும் ஒரு வெள்ளை டி-சர்ட், ஒரு கறுப்பு டி-சர்ட் பையில் போட்டுக்கொண்டு வந்தால் தனி ஜெர்சி தேவையில்லை.

செருப்புதான் எல்லைக்கல்!

தட்டு வாங்கும்போது எடையைப் பார்க்க வேண்டும். அல்டிமேட் தட்டின் எடை 175 கிராம். பீச்சில் விற்கும் லேசான பொம்மைத் தட்டு கடல் காற்றில் நேராகப் போகாது, எங்கேயோ போகும். நல்ல தட்டுக்குப் பத்து பேர் பங்கு போட்டால் தலைக்கு ஒரு பிரியாணி காசோடு முடிந்துவிடும்.

மைதானத்துக்கு எட்டு அடையாளம் வேண்டும். நாலு மூலைக்கு நாலு, எண்ட் ஸோன் தொடங்கும் இடத்துக்கு நாலு. கோன் இல்லையென்றால் செருப்பு, தண்ணி பாட்டில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். மணலில் ஆடுவது வெறுங்காலில் என்பதால் செருப்புக்கும் அங்கே வேறு வேலை இல்லை.

ஆனால் ஆடுவதற்கு முன் எல்லாரும் வரிசையாக நடந்து கண்ணாடித் துண்டு, தூண்டில் முள், குச்சி ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். விரல் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும். தட்டைப் பிடிக்கும்போது விரல் சுளுக்கிக்கொள்வது இந்த ஆட்டத்தில் சகஜம்.

கடற்கரை மீனவர்களின் தொழில் செய்யும் இடம். வலை காயும் இடத்திலும் படகு நிற்கும் இடத்திலும் கட்டம் போடக்கூடாது. குப்பத்துப் பெரியவர்களிடம் "அண்ணே, இங்க ஆடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் எந்தச் சிக்கலும் வராது.

தட்டு கடலுக்குள் போய்விட்டால்? போனது போகட்டும்! அலைக்குள் பாய்ந்து போய் எடுக்கக்கூடாது. எலியட்ஸ் பீச்சில் நிற்கும் வெள்ளை நினைவுச் சின்னமே, 1930-ல் மற்றவர்களைக் காப்பாற்றப் போய் கடலில் மூழ்கி இறந்த டென்மார்க் மாலுமி ஷ்மிட்டுக்காக எழுப்பியதுதான். அந்தக் கடல் பார்க்க அமைதியாக இருக்கும், நம்பக்கூடாது.

பெண்களும் சேர்ந்தே...

நம் ஊரில் இந்த ஆட்டத்தில் ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடுவது வழக்கம். 7 பேர் ஆட்டத்தில் 4-க்கு 3, 5 பேர் ஆட்டத்தில் 3-க்கு 2 என்று பிரித்துக்கொள்வார்கள். பெண்ணுக்கு எதிரில் பெண், ஆணுக்கு எதிரில் ஆண் என்று மார்க் செய்வார்கள்.

ஆனால் பேருக்கு அணியில் சேர்த்துவிட்டு, பையன்களே மாற்றி மாற்றி வீசிக்கொண்டால் அந்தப் பெண்கள் மூன்றாவது வாரம் வரமாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் கலப்பு அணியே கிடையாது. காலியாக நிற்பவர் யாரோ அவருக்கு வீசுவதுதான் கெட்டிக்காரத்தனம். மாலையில் ஆடினால் இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும். பஸ் பிடித்து வீடு போய்ச் சேர வேண்டுமே! வீட்டில் நம்பிக்கை வந்தால்தான் அடுத்த வாரம் அனுப்புவார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கும் இதே கதைதான். முதல் பத்து நிமிடம் இரண்டு இரண்டு பேராக நின்று வீசிப் பழகவிட வேண்டும். விதியை இங்கிலீஷில் அடுக்காமல், "தட்டோட ஓடாத, இடிக்காத, அந்தக் கட்டத்துல பிடி" என்று தமிழில் மூன்றே வரியில் சொன்னால் போதும். மீதியை ஆடி ஆடிக் கற்றுக்கொள்வார்கள். தப்பாக வீசினதற்காக நாலு பேர் முன்னால் திட்டினால், அந்த ஆளை மறுபடி பீச்சில் பார்க்க முடியாது.

மணலில் இருந்து உலக மேடைக்கு

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 'சென்னை ஹீட்' என்ற பெயரில் இந்தக் கடற்கரையிலேயே வெளியூர் அணிகள் வந்து மோதும் போட்டி நடந்திருக்கிறது. சென்னை பிரிஸ்பி அணியைப் பற்றி எடுத்த '175 கிராம்ஸ்' என்ற குறும்படம் 2015-ல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழா வரை போனது. அதே 2015-ல் லண்டனில் நடந்த 23 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் இந்திய அணியும் ஆடியது.

குப்பத்துப் பையனும், காலேஜ் பெண்ணும், கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியரும் ஒரே பக்கம் நின்று ஆடுகிற ஆட்டம் ஊரில் எத்தனை இருக்கிறது? ஆபீசில் அவர் சாராக இருக்கலாம். மணலில் அவர் இடித்தால் அவரும் "தப்புதான் தம்பி" என்று சொல்லியாக வேண்டும். சொல்ல மறுக்கிற ஆள் இரண்டு பேர் வந்துவிட்டால், வெயிலோ மழையோ தேவையில்லை, அந்த குரூப் தானாகக் கலைந்துவிடும்.

ஆக, ஒரு ஏரியாவில் ஆட்டம் தொடங்க ஒரு தட்டும் பத்து பேரும் போதும். தொடர்ந்து நடக்க வேண்டும் என்றால் பத்து பேரும் உண்மை பேச வேண்டும். தட்டைக் கடையில் வாங்கிவிடலாம். இதை வாங்க முடியாதே!