மதிப்பெண் பட்டியலில் இல்லாத மரக்காணம்

மரக்காணம் உப்பளக்காரர்களுக்குக் கோடை மழைதான் பெரும் பகை. வாரி எடுக்கும் நேரத்தில் பெய்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துவிடும். மழை, காற்று, அலை பற்றிய தரவுகள் அறிவியல் நிறுவனங்களிடம் குவிந்துகிடக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், 1985-இல் தொடங்கப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில் இருக்கிறது. ஆனால் ஆய்வாளர் எழுதுவது ஆங்கில ஆய்விதழுக்கு. உப்பு வாருபவரிடம் அது வந்து சேருவது அரிது.

இதற்கு ஆய்வாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இல் வகுத்த விதிமுறைப்படி, அறிவியல் ஆசிரியரின் ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரைக்கும் 8 மதிப்பெண். அதே செய்தியைத் தமிழ் வார இதழில் எழுதினால், ஊர்க்கூட்டத்தில் விளக்கினால், அந்தப் பட்டியலில் இடமில்லை. பதவி உயர்வுக்கு உதவாத வேலைக்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்?

மாற்றிச் செய்து காட்டிய முன்னுதாரணம் பக்கத்தில் புதுவையிலேயே இருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. இடம் கொடுத்தது ஊர். நடத்தியவர்கள் உள்ளூர்த் தொண்டர்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வந்த அலை உயரக் கணிப்பை, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாடு இளைஞர் சுனாமி பற்றித் தொலைபேசியில் எச்சரித்ததும், அந்த ஊர் மையத்தின் ஒலிபெருக்கி முழங்கியது. மக்கள் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். ஆபத்து வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பேசிப் பழகியிருந்ததால்தான் அந்தக் குரலை ஊர் நம்பியது.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் இந்தத் தேவையை உணர்ந்திருக்கிறது. விஞ்ஞானிகள் ஆண்டுக்கு 10 நாளாவது சமூகத்துக்கு ஒதுக்க வேண்டும், அது பணி மதிப்பீட்டில் சேர வேண்டும் என்றது 2019-இல் வந்த அதன் கொள்கை வரைவு. 2022-இல் வழிகாட்டு நெறிமுறைகளும் வெளியாயின.

நெறிமுறை மட்டும் போதாது. பதவி உயர்வில் தமிழில் எழுதுவதற்கும் பேசுவதற்கும் மதிப்பெண் வேண்டும். முனைவர் பட்ட மாணவர் தம் ஆய்வை ஊர்மக்கள் முன் தமிழில் விளக்குவது பட்ட நடைமுறையில் சேர வேண்டும். ஆய்வு நிதியில் இதற்கெனத் தனித்தொகையும், துறைகளில் இதற்கென முழுநேரப் பணியிடமும் வேண்டும். 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட, மரக்காணத்தை ஒட்டிய கழுவெளியில் ஆய்வு செய்பவர், தாம் கண்டதை முதலில் சொல்லவேண்டியது அதன் கரையில் வாழ்பவர்களிடம்தான். அப்படிச் சொல்வதைப் பல்கலைக்கழகங்கள் சேவை என்று பாராட்டி ஒதுக்காமல், வேலை என்று கணக்கில் எழுத வேண்டும்.