கூலிக் கடன் யார் பெயரில்?

(வானொலி மறையுரையின் அச்சு வடிவம்)



வயலில் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்ட கூலி வானத்தை நோக்கிக் கதறுகிறது என்று யாக்கோபு தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். அந்தக் கதறலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? இன்று இதைத்தான் சிந்திக்கப்போகிறோம்.

நம் பக்கத்துத் தொழில்கள் நடக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். அரிசி ஆலை அண்ணன் பெயரில், லாரி தம்பி பெயரில், செங்கல் சூளை மனைவி பெயரில். ஆள் கொண்டுவருபவர் மேஸ்திரி. கூலி குறைகிறதே என்று ஒரு பெண் கேட்டால், “மேஸ்திரியைக் கேள்” என்கிறார் முதலாளி. “ஓனர் கொடுத்தால்தானே நான் தருவேன்” என்கிறார் மேஸ்திரி. “அது தம்பியோட கணக்கு” என்கிறார் கணக்குப்பிள்ளை. லாபத்துக்கு எல்லாரும் ஒரே குடும்பம். கூலிக்கு மட்டும் தனித்தனி வீடு.

1982-இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக அரங்குகளும் பாலங்களும் கட்டப்பட்டன. அங்கு ஒரு நாளைய குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 காசு. நம் ஊர் மேஸ்திரியைப் போன்ற ஜமாதார்கள் அதில் ஒரு ரூபாயைத் தரகாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு ரூபாய்தானே என்று நினைக்கலாம். உச்ச நீதிமன்றம் அப்படி நினைக்கவில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று அந்த ஆண்டு செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஒப்பந்தக்காரர்மேல் பழியைப் போட்டுவிட்டு வேலையைக் கொடுத்த அரசு அமைப்புகள் ஒதுங்கிவிட முடியாது என்றும் சொன்னது.

1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலேயே இந்த நீதி உண்டு. நிறுவனம் தவறு செய்தால், நிறுவனத்தோடு அதை நடத்தும் பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளியே. கூட்டாளிகளுக்கும் இது பொருந்தும். அதன் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 43-ஆம் பிரிவின்படி, வேலைக்கு அமர்த்தியவர் கூலி தரத் தவறினால், அந்தத் தொழிலகத்துக்கு உரிமையாளரான கம்பெனியோ கூட்டு நிறுவனமோ தனி ஆளோ அதைக் கொடுத்தாக வேண்டும். தமக்குத் தெரியாமலே நடந்தது, தாம் கவனமாகத்தான் இருந்தோம் என்று நிரூபிப்பவர் தண்டனையிலிருந்து தப்பலாம். ஆனால் கூலிக் கடன் அதனால் தீர்ந்துபோவதில்லை.

திருச்சபையும் இதையே நெடுநாளாகப் போதிக்கிறது. புனித திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், நேரடி முதலாளி, மறைமுக முதலாளி என இருவரைக் காட்டுகிறார். கூலியை எண்ணிக் கையில் கொடுப்பவர் நேரடி முதலாளி. அந்தக் கூலியின் அளவைப் பின்னாலிருந்து முடிவுசெய்யும் ஆட்களும் அமைப்புகளும் மறைமுக முதலாளி. இருவருக்கும் பொறுப்பு உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எண் 1868-இல், பிறருடைய பாவத்தில் நாம் பங்காளியாகும் வழிகளைச் சொல்கிறது: கட்டளையிடுவது, ஆலோசனை தருவது, தடுக்கும் கடமை இருந்தும் தடுக்காமல் இருப்பது, செய்தவரைக் காப்பாற்றுவது. “என் பெயரை மட்டும்தான் கொடுத்தேன், சாமி” என்பவரும் இந்த வரிசையில் தம் இடத்தைத் தேடிப் பார்க்கட்டும்.

நமக்கு அருகிலேயே, உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலைத் தேர்தலுக்காக அதை நாம் பெருமையோடு பேசுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் தேர்தலில் நிற்கக்கூடாது என்று அதே கல்வெட்டு விதிக்கிறது. உறவினர் பெயரில் கணக்கை ஒளிக்கும் பழக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணுக்குத் தெரிந்திருக்கிறது போலும்!

கூலிக்கு உழைக்கும் சகோதர சகோதரிகளே, வேலை செய்த நாளையும் வாங்கிய தொகையையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். குறைந்த கூலியைக் கேட்டு மனுச் செய்ய மூன்று ஆண்டுகள் வரை காலம் உண்டு. கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் சுமை முதலாளியுடையது. காஞ்சிபுரத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் பங்கு இல்லத்துக்கு வாருங்கள், சேர்ந்து போவோம்.

தொழில் நடத்துபவர்களே, சக்கேயுவை நினைத்துப் பாருங்கள். ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அவர் தாமாகவே முன்வந்தார். இன்றைய சட்டப்படி, பாக்கிக் கூலியோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு தரவும் உத்தரவு வரலாம். உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒப்புரவு அருள்சாதனத்தில் மன்னிப்புக் கேட்பவருக்கு, பறித்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமையும் உண்டு. கோயிலுக்குக் கொடுக்கும் காணிக்கை தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய கூலிக்கு ஈடாகாது.

நம் பங்கும் இதற்கு விலக்கல்ல. கெபிக்கோ மதில் சுவருக்கோ ஒப்பந்தம் விடும்போது, மிகக் குறைந்த தொகையைக் கேட்டவரிடமே கொடுத்துவிட்டு, சித்தாளுக்கு என்ன கிடைத்தது என்று விசாரிக்காமல் இருந்தால், நாமும் மறைமுக முதலாளிகளே. இனி நம் பங்குப் பேரவை அதை விசாரித்த பிறகே பணம் கொடுக்கட்டும்.

தச்சராய் உழைத்து உண்ட நம் ஆண்டவர், கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும் மனத்தையும், கேட்க வேண்டியதைக் கேட்கும் துணிவையும் நமக்குத் தருவாராக. ஆமென்.