மூக்கு கெடுத்த கார்

காருக்கும் முகம் உண்டு. விளக்குகள் கண்கள், முன்பக்கத்துக் கம்பித் தட்டி மூக்கு. அதன் வழியே புகும் காற்றுதான் என்ஜினின் சூட்டைத் தணிக்கிறது.

1957-ல் அமெரிக்காவின் போர்டு கம்பெனி புதிய கார் ஒன்றை வெளியிட்டது. 1943-ல் இறந்துபோன, ஹென்றி போர்டின் ஒரே மகன் எட்செலின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். குடும்பத்தாருக்கு அதில் விருப்பமில்லை.

மற்றக் கார்களின் மூக்கு குறுக்கே அகன்றிருக்கும். இதற்கோ நெட்டுக்குத்து மூக்கு! முதலில் ஒடுக்கமாக, அழகாகத்தான் வரைந்தார்கள். காற்று போதாது என்று என்ஜினீயர்கள் சொல்லவே, அகலமாக்கினார்கள். வந்தது வினை! "குதிரைக் கழுத்துப் பட்டை" என்று ஜனங்கள் சிரித்தார்கள்.

மூக்கு மட்டுமா காரணம்? வேலைக் கோளாறு, 1958-ல் வியாபார மந்தம் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஆனால், ஊர்வாயில் அகப்பட்டது மூக்குதான்.

1959 நவம்பரில் தயாரிப்பு நின்றது. நஷ்டம் சுமார் 25 கோடி டாலர். அமெரிக்காவில் இன்றும் 'எட்செல்' என்றால், தோல்வி என்று அர்த்தம்.